மெய்நிகர் உலகில் ஒரு பசுமைத் தீவு: சென்னையில் இருந்தபடியே அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கணினிக்குள் இருக்கும் தீவுகளில் சூரியத் தகடு வைக்க அநேகமாகச் செலவே ஆகாது. காற்றாலை நட மின்வாரியத்தின் அனுமதி வேண்டாம். கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர் வந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. அதனால் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த தீவு’ என்று பெயர் வைத்துக்கொள்வது அங்கே எளிது. போய்ப் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் ஒரு மாலைப் பொழுது நன்றாகக் கழியும். இந்த வழிகாட்டி அதற்கு அடுத்த கட்டத்துக்கானது. தீவில் இறங்கி, வீட்டின் கூரையை அளந்து, தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போட்டு, ‘நிஜமாகவே நாலு பேர் இங்கே குடியிருந்தால் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்குமா?’ என்று கேட்டுப் பார்ப்பதுதான் நோக்கம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போய், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்ற ஊரும் இதுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தை அப்படியே தீவுக்குக் கொண்டு போங்கள். பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியருக்கும், அடுக்குமாடிச் சங்கத்தில் ‘மாடியில் சோலார் போடலாமா’ என்று பேச்சு ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இது நல்ல பயிற்சி.

எந்த உலகம்?

நான் செகண்ட் லைஃப் உலகை வைத்தே சொல்கிறேன். லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் தொடங்கிய இணையவழி மெய்நிகர் உலகம் அது. உங்களுக்காக ஒரு உருவம் அதற்குள் நடமாடும். மைன்கிராஃப்ட் போன்ற கணினி விளையாட்டுகளிலும் தீவு கட்டலாம். ஆனால் செகண்ட் லைஃபில் இடங்களைக் கட்டுபவர்கள் அங்கே வருகிறவர்கள்தான். நீளம், உயரம் எல்லாம் மீட்டர் கணக்கில் இருக்கும். அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு அதுதான் தேவை.

அங்கே நிலம் ‘ரீஜன்’ என்ற சதுரங்களாக இருக்கிறது. ஒரு ரீஜன் 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 16 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 294 கிரவுண்டு. ஒரு ரீஜனை மட்டும் கொண்ட தீவை நிதானமாக நடந்தே சுற்றி வந்துவிடலாம்.

அறிவியல் நிறுவனங்களும் இங்கே தீவு வைத்திருந்தது உண்டு. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 2006 வாக்கில் ஒரு தீவைத் திறந்தது. சுனாமி கரையில் மோதுவதையும், பனிப்பாறை உருகுவதையும் அங்கே நின்று பார்க்க முடிந்தது.

கிளம்புவதற்கு முன்

அடிப்படைக் கணக்குக்குப் பணம் கிடையாது. தனியாகக் கணக்குத் தொடங்க 16 வயது ஆகியிருக்க வேண்டும். 16, 17 வயதுக்காரர்கள் ‘ஜெனரல்’ (எல்லாரும் பார்க்கத் தகுந்த) தரம் உள்ள இடங்களுக்கு மட்டும்தான் போக முடியும். பெரியவர்களும் முதலில் தேடலில் ‘ஜெனரல்’ என்பதை மட்டும் டிக் செய்து வைத்துக்கொண்டால் வேண்டாத இடத்தில் போய் இறங்க மாட்டீர்கள்.

உள்ளே போக ‘வியூவர்’ என்ற மென்பொருள் தேவை. லிண்டன் லேப் தருவதும் உண்டு, ஃபயர்ஸ்டார்ம் என்ற இலவச வியூவரும் உண்டு. எது எடுத்தாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியாக இருந்தால் நல்லது. சாதாரண லேப்டாப்பாக இருந்தால் கண்ட்ரோல் + பி அழுத்தி அமைப்புகளைத் திறந்து, கிராஃபிக்ஸ் தரத்தைக் குறைத்து, நிழல்களை அணைத்து, ‘டிரா டிஸ்டன்ஸ்’ அளவை 64 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள். உங்களைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை படம் வரைய வேண்டும் என்பதைச் சொல்லும் அளவு அது. அதைக் குறைத்தாலே பாதி திக்கல் நின்றுவிடும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். ஏதாவது ஒரு பொருளைத் தொட்டதும் ‘உங்கள் கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்க அனுமதி வேண்டும்’ என்று பெட்டி வந்தால் மறுத்துவிடுங்கள். லிண்டன் டாலர் என்பது அந்த உலகத்தின் பணம். சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அந்த அனுமதி கொடுக்க எந்தத் தேவையும் கிடையாது. யாராவது சாட்டில் அனுப்பும் இணைப்பைத் திறந்து கடவுச்சொல்லை அடிக்கவும் வேண்டாம்.

தீவைத் தேடிப் பிடிப்பது

கண்ட்ரோல் + எஃப் அழுத்தினால் தேடல் வரும். தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஈகோ, சோலார், பெர்மாகல்ச்சர் (இயற்கையோடு ஒத்த வேளாண்மை), மாங்ரோவ் (அலையாத்தி மரம்) போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுங்கள். டெஸ்டினேஷன் கைடு என்ற பட்டியலில் கல்வி, இயற்கை சார்ந்த இடங்கள் தனியாக இருக்கும். நிலத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருப்பதால் தீவுகள் வரும், மூடும். பழைய கட்டுரை ஒன்றில் பெயரைப் பார்த்துவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்குத் திறந்திருக்கும் மூன்று நான்கு தீவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். பிடித்ததை ‘லேண்ட்மார்க்’ ஆகச் சேமித்தால் அடுத்த முறை நேரே அங்கே போய் இறங்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மனிதர்கள் வாழ்வதற்கான வீடு ஒன்றாவது இருக்கும் தீவாக எடுங்கள். வெறும் காடும் அருவியும் உள்ள தீவு அழகாக இருக்கும், ஆனால் அளக்க அதில் ஒன்றும் இருக்காது.

முதல் சுற்று: மேலிருந்து

இறங்கியதும் எதையும் தொடாதீர்கள். நிலத்தில் பறக்க அனுமதி இருந்தால் பேஜ் அப் விசையை அழுத்திப் பிடித்து மேலே ஏறி நின்று, டிரா டிஸ்டன்ஸை 256க்கு உயர்த்துங்கள். ஒரு நிமிஷத்தில் தீவு முழுக்கத் தெரியும். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் அழுத்தினால் சிறு வரைபடம் திறக்கும். அதில் வடக்கு குறிக்கப்பட்டிருக்கும். ஒரு காகிதத்தில் தீவின் ஓரத்தைக் கோடு இழுத்து, வீடு, தொட்டி, தகடு, காற்றாலை, தோட்டம், படகுத் துறை எங்கெங்கே என்று புள்ளி வையுங்கள். கையால் வரைவதுதான் நல்லது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மனதில் நிற்காது.

கேமராவைத் திருப்ப ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை இழுக்க வேண்டும். இதைக் கொஞ்ச நேரம் பழகிவிட்டால், நின்ற இடத்திலிருந்தே கூரைக்குப் பின்னாலும் பாறைக்கு அடியிலும் எட்டிப் பார்க்கலாம்.

உயரத்தை அளப்பது

திரையின் மேல்பட்டையில் இடத்தின் பெயர் இருக்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து ஆயத்தொலைவுகளைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று எண்கள் தெரியும். முதல் எண் கிழக்கு நோக்கிக் கூடும், இரண்டாவது வடக்கு நோக்கிக் கூடும், மூன்றாவது உயரம். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் டேப் இல்லாமலேயே எதையும் அளந்துவிடலாம்.

செகண்ட் லைஃபில் கடல் மட்டம் வழக்கமாக 20 மீட்டரில் இருக்கும். வீட்டு வாசற்படியில் போய் நில்லுங்கள். மூன்றாவது எண் 22.5 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20ஐக் கழித்தால் 2.5. அந்த எண் உங்கள் உருவத்தின் பாதத்தை அல்ல, உடம்பின் நடுப்பகுதியைக் குறிக்கிறது. அதற்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கழியுங்கள். ஆக, வாசற்படி கடல் மட்டத்துக்கு மேலே 1.5 மீட்டர்தான். வங்கக்கடலில் புயல் வரும்போது வானிலை மையம் ‘வழக்கமான அலை மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயரத்துக்குக் கடல் நீர் ஏறக்கூடும்’ என்று எச்சரிக்கை கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதன் மேல் அலையும் அடிக்கும். அப்படியானால் இந்த வீட்டின் கூடம் என்ன ஆகும்? பெரும்பாலான பசுமைத் தீவுகளில் வீட்டைக் கடலை ஒட்டியே கட்டியிருப்பார்கள், ஜன்னலைத் திறந்தால் அலை தெரிய வேண்டும் என்பதற்காக. மேடான இடத்தில் தோட்டத்தையும் தாழ்வில் வீட்டையும் வைத்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி அறை, கழிவுநீர்த் தொட்டி, கிணறு மூன்றின் உயரத்தையும் இதே மாதிரி அளந்து எழுதுங்கள். மிச்சாங் புயலில் தரைத்தளத்து மின்பெட்டிகள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

தீவில் நல்ல தண்ணீருக்கு மூன்று வழிதான்: மழை, நிலத்தடி நீர், கடல்நீரைக் குடிநீராக்குவது. மூன்றையும் பார்ப்போம்.

மழையிலிருந்து தொடங்கலாம். வீட்டின் ஒரு மூலையில் நின்று முதல் இரண்டு எண்களை எழுதுங்கள், அடுத்த மூலைக்கு நடந்து போய் மறுபடி எழுதுங்கள். வித்தியாசம்தான் நீளம். வீடு கோணலாக நின்றால் பித்தகோரஸ் தேற்றம் கைகொடுக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கூரை சாய்வாக இருந்தாலும், மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பைத்தான் எடுக்க வேண்டும், சாய்வின் நீளத்தை அல்ல.

ஒரு திருத்தம் அவசியம். மெய்நிகர் உலகத்து ஆட்கள் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்கும் மேல் வளர்ந்தவர்கள். கேமரா தலைக்குப் பின்னால் உயரத்தில் நிற்பதால் வீடுகளையும் தாராளமாகக் கட்டுவார்கள். அதனால் அளந்த ஒவ்வொரு நீளத்திலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. 12.5 மீட்டருக்கு 10 மீட்டர் என்று அளந்த கூரை அப்போது 10க்கு 8 ஆகிறது, அதாவது 80 சதுர மீட்டர்.

இந்தக் கூரைமேல் சென்னை மழையைப் பெய்ய விடுங்கள். நம் ஊரின் ஆண்டு சராசரி ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆக 80 × 1,400 = 1,12,000 லிட்டர். முதல் மழையில் கூரையைக் கழுவி விடுவது, வழிந்து வீணாவது எல்லாம் போக 80 சதவீதம் கையில் நிற்கும் என்று வைத்தால் சுமார் 90,000 லிட்டர். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் திட்டமிடும்போது எடுக்கும் அளவு. நாலு பேருக்கு 540 லிட்டர். 90,000ஐ 540ஆல் வகுத்தால் 166 நாள், ஐந்தரை மாதம்.

அரை வருஷத் தண்ணீர் கூரையிலிருந்தே வருகிறதே, நல்லதுதான் என்று தோன்றும். இப்போது தொட்டியைப் போய் அளங்கள். வீட்டோரம் ஒரு அழகான மர உருளை நிற்கும். திருத்தம் போக 2 மீட்டர் விட்டம், 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பிடிப்பது சுமார் 6,280 லிட்டர். நாலு பேருக்குப் பதினோரு நாளைக்கு வரும். சென்னை மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. நவம்பரில் ஒரே இரவில் தொட்டி நிரம்பி வழியும், ஏப்ரலில் காய்ந்து கிடக்கும். மேலே தகடு எத்தனை இருந்தாலும், மழையைச் சேர்த்து வைக்க இடம் இல்லாத தீவில் மே மாதத்தைத் தாண்ட முடியாது. தீவைக் கட்டியவர் இதை யோசித்திருக்கிறாரா என்பதற்குத் தடயம் தேடுங்கள்: தரைக்கடியில் பெரிய தொட்டி, வழியும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி, ஒரு குளம். ஏதாவது ஒன்று இருந்தாலே அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும்.

மண்ணுக்குள் இறக்குவது ஏன் முக்கியம் என்றால், சிறிய மணல் தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலில் சொல்லும் கணக்கு. மேலே உள்ளதை இழுத்து விட்டால் கீழிருந்து உப்பு ஏறும். வடசென்னைக்கு அப்பால் மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்தது இப்படித்தான். 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் இருப்பதும் இதே கவலைதான். ஆகவே தீவில் கிணறு தெரிந்தால், அது கடற்கரையிலிருந்து எத்தனை மீட்டர், கழிப்பறையிலிருந்து எத்தனை மீட்டர் என்று இரண்டையும் அளங்கள்.

மூன்றாவது வழி, கடல்நீரைச் சுத்திகரிப்பது. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளைப் பற்றி நமக்குத் தெரியும். சவ்வு வழியாக உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். நம் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 2 யூனிட். சிறிய இயந்திரத்துக்கு இன்னும் கூடும். பெரிய சுமை இல்லை. ஆனால் பிரித்தெடுத்த கெட்டியான உப்புநீரை எங்கே விடுகிறார்கள்? குழாயைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். குழாயே இல்லாமலும் இருக்கலாம்.

மின்சாரம்

சூரியத் தகடுகளை எண்ணுங்கள். இப்போது வரும் பெரிய தகடு ஒன்று ஏறக்குறைய அரை கிலோவாட். எட்டுத் தகடு இருந்தால் 4 கிலோவாட். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்பது மாடியில் சோலார் போட்டவர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு. ஆக 16 யூனிட். நம் அட்சரேகையில் தகடு தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். சிறு வரைபடத்தை வைத்துத் திசையைப் பாருங்கள். ஒரே கூரையில் நாலு திசைக்கும் தகடு ஒட்டியிருந்தால் அது அலங்காரம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ‘வேர்ல்டு’ மெனுவில் ‘என்விரான்மென்ட்’ போய் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றுங்கள். உங்கள் திரையில் மட்டும்தான் இருட்டும், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இப்போது எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பகலில் தெரியாதவை எல்லாம் இப்போது தெரியும்: பாதையோரக் கம்பங்கள், மரத்தைச் சுற்றிய சரவிளக்குகள், நீச்சல் குளத்துக்கு அடியில் நீல ஒளி. இத்தனையும் ஓட பேட்டரி எங்கே இருக்கிறது? அப்புறம் நிழலை மட்டும் இயக்கிவிட்டு, காலை, நண்பகல், மாலை என்று நேரத்தை மாற்றிப் பாருங்கள். பக்கத்துத் தென்னை மரத்தின் நிழல் தகடுமேல் விழுகிறதா? ஒரு தகட்டின் ஓரத்தில் விழும் நிழல்கூட உற்பத்தியைக் கணிசமாகக் குறைக்கும். பார்த்து முடித்ததும் நேரத்தைப் பழையபடி ‘ஷேர்டு’ (எல்லாருக்கும் பொதுவான) நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

காற்றாலைகளைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். எல்லாம் ஒரே வேகத்தில், ஒரு நொடிகூட மாறாமல் சுழன்றால் வெறுமனே சுழல விட்டிருக்கிறார்கள் என்று பொருள். செகண்ட் லைஃபில் காற்றுக்கு வேகமும் திசையும் உண்டு. அதைப் படித்து அதற்கேற்பச் சுழலும்படி ஸ்கிரிப்ட் (பொருளை இயக்கும் சிறு நிரல்) எழுத முடியும். அப்படி எழுதியிருந்தால் கட்டியவர் அக்கறையானவர்.

ஒப்பிட்டுப் பார்க்க நிஜத் தீவு ஒன்று வேண்டும் என்றால் டென்மார்க்கின் சாம்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறிக் காட்ட 1997இல் அந்த நாடு அதைத் தேர்ந்தெடுத்தது. நிலத்தில் 11, கடலில் 10 காற்றாலைகள். அவற்றில் உள்ளூர் விவசாயிகளும் குடும்பங்களும் பங்கு வாங்கினார்கள். அதோடு, கடலுக்கடியில் ஓடும் மின்கம்பி தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிறது: காற்று அதிகமாக அடிக்கும் நாளில் மின்சாரம் வெளியே போகும், ஓய்ந்த நாளில் உள்ளே வரும். நீங்கள் நிற்கும் மெய்நிகர் தீவில் அந்தக் கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை என்றால், காற்று நின்ற இரவில் என்ன செய்வார்கள் என்று குறிப்பில் எழுதிவையுங்கள்.

குப்பையும் கழிவுநீரும்

மூன்று நிறத்தில் குப்பைத்தொட்டி இருக்கும். உரக்குழி இருக்கலாம். அதற்குப் பிறகு? பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்தது எல்லாம் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் தொட்டியில் போட்டதுதான். தீவில் உடைந்த தகடு, செத்த பேட்டரி எங்கே போகும், படகில் ஏற்றி யார் கரைக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இருக்காது. குளிக்கும் தண்ணீர் நாணல் பாத்தி வழியாகத் தோட்டத்துக்குப் போகும்படி செய்திருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையும் அதில் வாழ்பவையும்

அலையாத்தி மரங்கள் இருந்தால் எந்தப் பக்கம் நட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவை வளர்வது அலை நேராக மோதும் மணல் கரையில் அல்ல. ஆறும் கடலும் கலக்கும் சேற்று நிலத்தில், காயல் ஓரத்தில். சேற்றுக்கு மேலே சுவாச வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அடையாறு முகத்துவாரத்தில் பார்த்திருப்பீர்கள். திறந்த கடற்கரையில் வரிசையாக நட்டிருந்தால் அழகுக்காக வைத்தது. தென்னைக்குப் பக்கத்தில் பைன் மரம் நின்றால் அந்தத் தீவுக்கு எந்தக் கடல், எந்த வானிலை என்று யாரும் முடிவு செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடற்கரை விளக்குகளை நள்ளிரவுச் சோதனையிலேயே எண்ணியிருப்பீர்கள். பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலை நோக்கி நகரும். தெருவிளக்கின் வெளிச்சம் கூடுதலாக இருந்தால் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். 1988 முதல் நம் ஊர் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மணலுக்கு நேரே விளக்கு போட்ட தீவை ‘பசுமை’ என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

இன்னும் ஒரு பெரிய கேள்வி: தீவில் ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கிறதா? 2006 வாக்கில் செகண்ட் லைஃபில் ஸ்வர்கா என்று ஒரு தீவு இருந்தது. அதில் மேகம் மழை பெய்தால்தான் செடி வளரும், தேனீ வந்து போனால்தான் விதை உண்டாகும். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுபோகும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார்கள். அந்த அளவுக்கு யாரும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு பூவின் மேல் வலது கிளிக் செய்து, யார் உருவாக்கியது என்று பார்த்து, அது தனியாக ஆடிக்கொண்டிருக்கும் படமா, பக்கத்தில் உள்ளவற்றோடு சேர்ந்து இயங்குகிறதா என்று கவனிப்பது நல்ல பழக்கம்.

உங்கள் மேசையின் கீழே உள்ள கணக்கு

பசுமைத் தீவைப் பார்க்கும் கணினியும் மின்சாரம் குடிக்கிறது. 2006இல் நிக்கோலஸ் கார் என்ற எழுத்தாளர் ஒரு கணக்குப் போட்டார். செகண்ட் லைஃபின் சர்வர்களையும் அதில் இருப்பவர்களின் கணினிகளையும் சேர்த்தால் ஒரு மெய்நிகர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,752 யூனிட் ஆகிறது, அது பிரேசில் மக்களின் சராசரிப் பயன்பாட்டுக்கு அருகில் வருகிறது என்றார். அதற்குப் பிறகு சர்வர்களும் கணினிகளும் மாறிவிட்டதால் அந்த எண்ணை இன்றைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் பங்கை நீங்களே அளக்கலாம். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். 250 வாட் எடுக்கும் கணினி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு அரை யூனிட். கிராஃபிக்ஸைக் குறைத்ததும் அந்த எண் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அதே குறிப்பேட்டோடு வெளியே

தீவில் எழுதிய கேள்விகளை மாற்றாமல் சென்னையில் ஒரு இடத்துக்குக் கொண்டு போங்கள். 58 ஏக்கர் பரப்புள்ள அடையாறு தொல்காப்பியப் பூங்கா இதற்கு மிகப் பொருத்தம். குப்பையும் இடிபாடுமாகக் கிடந்த முகத்துவார ஓடையை மீட்டெடுத்து 2011இல் திறந்தார்கள். ஒரு ரீஜனைப் போல மூன்றரை மடங்கு. அனுமதி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில் காலையில் போனால் ஒரு பக்கம் பறவைகளும், மறுபக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் ஒரே பார்வையில் தெரியும். கழிவு எங்கே போகிறது என்ற கேள்விக்கு அங்கே நின்றாலே பதில் கிடைத்துவிடும். அப்புறம் உங்கள் சொந்த மொட்டை மாடி. கூரைப் பரப்பு, தொட்டிக் கொள்ளளவு, மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது என்று அதே வரிசையில் எழுதிப் பாருங்கள்.

16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு

கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் லுவான்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர். வீட்டு வைஃபையிலேயே வெளியாட்கள் இல்லாமல் ஓட்டலாம். ஒவ்வொரு கட்டியும் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வதால் அளப்பது இன்னும் எளிது. இங்கே தீவைத் தேட வேண்டாம், பிள்ளைகளே கட்டட்டும். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: 90,000 லிட்டர் தண்ணீரைச் சேமிக்க எத்தனை கட்டி இடம் வேண்டும் என்று கண்டுபிடித்து, அதைக் கட்டிய பிறகுதான் வீடு. ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர், ஆகவே 90 கட்டி. அந்தக் குழியைத் தோண்டி முடிக்கும்போது தண்ணீர் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கைக்கே தெரிந்துவிடும்.

தீவுக்காரருக்கு எழுதுங்கள்

உங்கள் அளவுகளை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ‘அபவுட் லேண்ட்’ என்ற பெட்டியில் நில உரிமையாளரின் பெயர் இருக்கும். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு நோட்கார்டு (அந்த உலகத்துக்குள்ளேயே அனுப்பும் குறிப்பு) அனுப்புங்கள். முதலில் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள், அப்புறம் ஒரே ஒரு கேள்வி: ‘உங்கள் கூரையில் வருஷத்துக்கு இவ்வளவு மழை சேரும், தொட்டியில் பதினோரு நாளைக்குத்தான் பிடிக்கும், நிலத்தடித் தொட்டி ஒன்று வைக்க முடியுமா?’ என்பது போல. நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள், 2019ஐப் பார்த்தவர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவருக்குப் புரியும். நேரில் பேச விரும்பினால் செகண்ட் லைஃபின் கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே கோடையாக இருக்கும் மாதங்களில் நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னே, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அவர்களின் சனிக்கிழமை மாலை ஏழு மணி நமக்கு ஞாயிறு காலை ஏழரை அல்லது எட்டரை.